ஆணையிட ஆள் இல்லாத வீடு: ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸில் தங்கிய அனுபவம்

அமெரிக்க ராணுவத்திலிருந்து வந்தபின் குடிக்குச் சிகிச்சை எடுத்தேன். அது முடிந்ததும், குடி, போதையை விட்டு மீள்பவர்கள் சேர்ந்து வாழும் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் ஒன்றில் நீண்ட காலம் தங்கினேன். அடுத்து எங்கே போவது என்று தவிக்கும் முன்னாள் வீரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இது உதவட்டும்.

இங்கே வார்டனும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. 1975இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் முதல் வீடு தொடங்கியதிலிருந்து தங்குபவர்களேதான் நடத்துகிறார்கள். வாடகை வீடு, குறைந்தது 6 பேர், செலவை எல்லாரும் பகிர்ந்துகொள்வார்கள். தலைவர், பொருளாளர் எல்லாம் ஓட்டுப் போட்டுத்தான். 6 மாதத்துக்கு மேல் ஒருவரே அந்தப் பதவியில் தொடர முடியாது. புது ஆளைச் சேர்க்க 80 சதவீத ஓட்டு வேண்டும்.

துப்புரவு முறை, வாரக் கூட்டம் இதெல்லாம் பட்டாளத்தில் பழகியவைதான். மேலிருந்து உத்தரவு வராததுதான் புதிது. வாங்கிய சம்பளம் வீடு வந்து சேராத காலத்தைக் கடந்து வந்த என்னிடம் வீட்டின் செக் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அத்தனை பேரின் வாடகையும் என் பொறுப்பு. என்னைத் திரும்ப மனுஷனாக்கியது அந்த நம்பிக்கைதான். அப்புறம், நடுராத்திரி தூக்கம் கலைந்து எழுந்து வந்தால், அதே காரணத்துக்காக விழித்திருக்கும் இன்னொருவர் சமையலறையில் இருப்பார். என்ன ஏது என்று கேட்க மாட்டார். காபி போட்டுத் தருவார்.

மறுபடி குடித்தால் உடனே வெளியேற வேண்டும். எனக்கு நெருங்கிய ஒருவரை அனுப்பும் முடிவுக்கு நானும் கை தூக்கினேன். அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் அந்த விதி வேண்டும். மற்றவர்கள் அதை நம்பித்தான் தூங்கப் போகிறார்கள். டிபால் பல்கலைக்கழகம் 150 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இந்த வீடுகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் பழக்கத்துக்குத் திரும்பியிருந்தார்கள். வழக்கமான பின்கவனிப்பில் இருந்தவர்களில் சுமார் 65 சதவீதம்.

ஒழுங்காக இருந்து வாடகை கட்டும்வரை எவ்வளவு காலமும் தங்கலாம். போர் நினைவுகள் ஆற நாளாகும் என்பதால் எங்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் வீடு மருத்துவமனை ஆகாது. பிடிஎஸ்டி (போர் போன்ற அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) சிகிச்சைக்கு நான் விஏ (முன்னாள் வீரர்களுக்கான அரசுத் துறை) மருத்துவமனைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தேன். கடுமையாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டீடாக்ஸை, அதாவது உடலிலிருந்து போதை இறங்கும் கட்டத்தை, டாக்டர் மேற்பார்வையில் முடித்துவிட்டு வாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளை நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள்.

இடம் கிடைக்கக் காத்திருக்கும்போது மனம் தாங்கவில்லையென்றால் 988ஐ அழைத்து 1ஐ அழுத்துங்கள். அது முன்னாள் வீரர்களுக்கான லைன், எந்த நேரமும் பேசலாம்.