பில்லில் புது லே ஷாஃப்ட், பாக்ஸுக்குள் எமரி போட்ட பழசு

பழைய காரின் கியர் பாக்ஸில் துரு ஏறி, பார்ட்ஸ் மாற்றக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

பல வருஷம் ஓடாமல் நின்ற வண்டி, நாலு கியர் உள்ள பாக்ஸ். கியர் லீவர் பூட் (அடியில் உள்ள ரப்பர் உறை) கிழிந்து தண்ணீர் இறங்கி, ஆயில் பாலாக வெளுத்திருந்தது. பட்டறை தந்த பில்லில் லே ஷாஃப்ட் (கீழ்வரிசை கியர்களைத் தாங்கும் தண்டு), நீடில் ரோலர் (அதன் மேல் ஓடும் ஊசி போன்ற உருளைகள்), இன்புட் ஷாஃப்ட் (இன்ஜினிலிருந்து சுழற்சி வரும் தண்டு) பேரிங், சிங்க்ரோ ரிங் (கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்), ஆயில் சீல் எல்லாமே புதுசு. பழைய பார்ட்ஸைக் கேட்டால் "குப்பையில போட்டாச்சு" என்று பதில். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாள் சத்தமே இல்லை. பிறகு நியூட்ரலில் உறுமல், கிளட்ச் மிதித்தால் நின்றுவிடும். முதல் மூன்று கியரிலும் ஊளை, டாப்பில் (நாலாவது கியர்) பாதியாகக் குறையும். டாப்பில் இன்புட்டும் மெயின் ஷாஃப்டும் (சக்கரங்களின் பக்கம் போகும் தண்டு) நேராகப் பூட்டிக்கொள்வதால் லே ஷாஃப்ட் மேலுள்ள கியர்கள் சுமையில்லாமல் சும்மா சுற்றும். ஆகவே இந்தக் குறி இருந்தால் முதல் சந்தேகம் லே ஷாஃப்ட் மேல்தான். போகப்போக டாப் கியரும் தானாகக் கழன்றது.

ட்ரெயின் பிளக்கைக் கழற்றினால் ஆயில் வடியவில்லை. கிரீஸ் கலந்த கூழ் மெதுவாக இறங்கியது. சத்தத்தை அமுக்கும் பழைய வித்தை இது. பல் அதில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு சுற்றும், கூழ் திரும்பி வந்து மூடாது. மேலே இருக்கும் பேரிங்குகள் காய்ந்துபோகும்.

லே ஷாஃப்டைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததும் கதை தெரிந்துவிட்டது. நீடில் ஓடும் இடத்தில் நீளவாக்கில் எமரி (துரு தேய்க்கும் உப்புத்தாள்) போட்ட கோடு, கோடுகளுக்கு நடுவே கறுப்புப் புள்ளிகளாகத் துருக்குழி. எமரி துருவின் நிறத்தைத்தான் எடுக்கும், குழி அப்படியே நிற்கும். இந்த ஷாஃப்டுக்கு மேல்தோல் மட்டுமே கெட்டிப்படுத்தியது. நீடில்கள் நேராக அதன் மேலேயே ஓடுகின்றன. குழியின் விளிம்பிலிருந்து தோல் செதில் செதிலாகப் பெயரும். பெயர்ந்த தூள் ஆயிலோடு சுற்றி மற்ற பேரிங்குகளையும் தின்னும். மைக்ரோமீட்டரை நீடில் ஓடிய இடத்தில் ஒரு தடவை, ஓடாத இடத்தில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு அளவு காட்டினால் அந்த ஷாஃப்ட் பழசு.

இன்புட் பேரிங் உண்மையிலேயே புதுசு, ஆனால் தப்பான பேரிங். இந்த பாக்ஸில் வெளி ரிங்கில் காடி வெட்டி அதில் ஸ்னாப் ரிங் உட்கார வேண்டும். எண்ணுக்குப் பின்னால் என்ஆர் என்று இருக்கும். போட்டிருந்தது அதே உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் உள்ள, காடி இல்லாத சாதா பேரிங். அளவு சரி என்பதால் இறுக்கமாக உட்கார்ந்துவிடும். பிடித்து நிறுத்த ஸ்னாப் ரிங் இல்லாததால் இன்புட் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரும். டாப் கழன்றதற்குக் காரணம் இதுதான்.

சிங்க்ரோ ரிங்குகளும் பழசே. ரிங்கைக் கியரின் கூம்புப் பகுதியான கோனின் மேல் கையால் அழுத்தி, ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். பல பாக்ஸ்களில் புதுசுக்கு 1 மில்லிமீட்டர் அளவில் இடைவெளி இருக்கும்; 0.5-க்குக் கீழே போனால் ரிங் முடிந்தது. சரியான எண் உங்கள் மாடலின் மேனுவலில் இருக்கும். சீல் புதுசுதான், ஆனால் துருக்குழி விழுந்த ஷாஃப்டில் போட்டதால் உதடு அறுந்து ஒழுகியது. முன் கவரில் கேஸ்கெட்டே இல்லை, சிலிக்கான் மட்டும். சில பாக்ஸ்களில் அந்த கேஸ்கெட்டின் தடிமன்தான் பேரிங்கின் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. உள்ளே பிதுங்கிய சிலிக்கான் ஆயில் துளையையும் அடைக்கும்.

வேலை கொடுக்கும்போதே, பழைய பார்ட்ஸ் ஒன்றுவிடாமல் திரும்ப வரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பேரிங் எண்களைப் பெட்டியில் அல்ல, ரிங்கின் மேலேயே பார்த்துப் படம் எடுங்கள். கியர் ஆயில், மூடி திறக்காத டப்பாவில் வரட்டும். மேனுவல் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தரக் குறி) கேட்டால் ஜிஎல்-5 ஊற்ற விடாதீர்கள், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை ரிங்குகளை அரிக்கலாம். மேல் கவரை மூடும் முன் ஒருமுறை நேரில் போங்கள். நீடில்களைக் கோர்க்கும்போது பக்கத்தில் நின்று மேனுவலில் உள்ள எண்ணிக்கையோடு சரிபாருங்கள். ஒன்று குறைந்தாலும் மற்றவை சாய்ந்து ஓடி, புது ஷாஃப்டையும் கீறிவிடும்.