ஹெட்டை இறக்கும் முன்: ஊரில் நின்ற டீசல் காரும் குறைந்துகொண்டே போன கூலன்ட்டும்

விடுமுறைக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் நின்ற டீசல் காரை எடுத்து ஓட்டினால் இரண்டு கோளாறுகள் சேர்ந்தே எட்டிப் பார்க்கும்: என்ஜின் சூடாகும், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறையும். பட்டறையில் அதற்குச் சட்டென்று வரும் பதில், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, ஹெட்டை இறக்கணும்." ஹெட் என்பது என்ஜினின் மேல்பகுதி; அதற்கும் கீழேயுள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு ஹெட் கேஸ்கெட். இந்த முறை எங்கள் குடும்ப வண்டிக்கும் முதல் பட்டறையில் அதுவே சொல்லப்பட்டது. இரண்டு லிட்டர் காமன் ரெயில் டீசல், டர்போ, இ.ஜி.ஆர். கூலர் (என்ஜினுக்கே திருப்பி விடும் புகையைக் குளிர்விப்பது) எல்லாம் உள்ள வண்டி. இரண்டாவது பட்டறையில் வரிசையாகச் சோதித்ததில் ஹெட்டில் கை வைக்காமலே கோளாறு பிடிபட்டது. குறைந்த நாட்களுக்கு ஊருக்கு வருகிறவர்கள் பட்டறையில் நின்று என்னென்ன சோதனை கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தீர்க்க வேண்டியது, எது முந்தியது என்பது. கூலன்ட் குறைந்ததால் சூடானதா, சூடானதால் மூடி வழியே கொதித்து வெளியேறிக் கூலன்ட் குறைந்ததா? வண்டி ஒருநாளும் சூடாகாமலே காலையில் கூலன்ட் டேங்க் மட்டம் இறங்கியிருந்தால் அது கசிவு. மட்டம் சரியாக இருந்தும் சூடானால் கசிவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வழக்கமாக ஓட்டுகிறவரிடம் எப்போது சூடாகிறது என்று கேளுங்கள். நெரிசலில் நின்றால் மட்டும் சூடாகி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன், அதன் ரிலே, அல்லது குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது சூடானால் ரேடியேட்டருக்குள் நீரோட்டமோ வெளியே காற்றோட்டமோ அடைபட்டிருக்கிறது. மேட்டில் ஏறும்போது மட்டும் என்றால் பாதி அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப் இம்பெல்லர் (கூலன்ட்டைத் தள்ளும் சிறகு), அல்லது கூலன்ட்டுக்குள் சிலிண்டரில் எரிந்த வாயு புகுதல் என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

டாஷ்போர்டு முள்ளை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. இன்றைய கார்கள் பலவற்றில் சுமார் 75 டிகிரியிலிருந்து 105 டிகிரிக்கு மேல் வரை முள் நடுவிலேயே நிற்கும்படி மென்பொருள் பிடித்து வைத்திருக்கும். அது நகரத் தொடங்கும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். வண்டியின் கணினியைப் படித்துக் கைபேசியில் காட்டும் சிறிய ஓ.பி.டி. கருவியைக் கையோடு கொண்டுவந்தால் உண்மையான வெப்பநிலை தெரியும். பெரும்பாலான டீசல் என்ஜின்களில், கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். சீரான ஓட்டத்தில் 85 முதல் 95 வரை இருப்பது இயல்பு. ஃபேன் முதல் வேகத்தில் 100ஐ ஒட்டிச் சுழலத் தொடங்கி, இரண்டாம் வேகத்துக்கு 105ஐ ஒட்டி மாறும். ஒரு எச்சரிக்கை: கூலன்ட் மொத்தமாக வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், உலோகம் வெந்துகொண்டிருக்கும்போதே குறைந்த எண்ணைக் காட்டும். சூடான என்ஜினில் எண் திடீரென்று சரிந்தால் நிம்மதி அடையாமல் உடனே நிறுத்துங்கள்.

நின்ற வண்டிக்கென்று சில கோளாறுகள் உண்டு. எலி கடித்த ஹோஸ், எலி கடித்த ஃபேன் ஒயர், ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேர்ந்த குப்பை, காய்ந்து இறுகிய வாட்டர் பம்ப் சீல். இவை கண்ணால் பார்த்தாலே தெரியும். கண்ணுக்குத் தெரியாதது, கூலன்ட் என்ற பெயரில் டேங்கில் இருப்பது என்ன என்பது. வீட்டில் இருப்பவர்கள் மட்டம் குறையும்போதெல்லாம் நல்லெண்ணத்தோடு குழாய்த் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். நிறம் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைக்கால் பாதி கூட இருக்காது. கலவையின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் நொடியில் தெரியும். கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாக உள்ள 50:50 கலவை மைனஸ் 37 டிகிரி அளவில்தான் உறையும் என்று அது காட்ட வேண்டும். உறைபனியே இல்லாத ஊரில் இது எதற்கு என்று கேட்பார்கள். காரணம் கொதிநிலை. 50:50 கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி அளவில் கொதிக்கும், மூடி ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்தால் 129 வரை தாங்கும். வெறும் தண்ணீர் அதே அழுத்தத்தில் 120இல் கொதிக்கும், மூடி பழுதாகி அழுத்தம் நிற்காவிட்டால் 100இலேயே கொதிக்கும். ஃபேன் முழு வேகத்துக்குப் போகும் வெப்பநிலையே அதைவிட அதிகம். அதாவது என்ஜினில் ஒரு குறையும் இல்லாமலே, தண்ணீர் கலந்த கூலன்ட்டும் தளர்ந்த மூடியும் சேர்ந்து 'ஓவர்ஹீட்' ஆன தோற்றத்தைத் தந்துவிடும். குழாய்த் தண்ணீரின் உப்புகள் உள்ளே படிவதும், துருத்தடுப்பு வேதிப்பொருட்கள் நீர்த்துப்போவதும் இதற்கு மேல்.

அடுத்தது அழுத்தச் சோதனை. முதல் பட்டறையில் இதைச் செய்யவே இல்லை. என்ஜின் முழுக்க ஆறிய நிலையில் மூடியைக் கழற்றி, அதன் இடத்தில் கைப்பம்பும் கேஜும் உள்ள டெஸ்டரைப் பொருத்தி, மூடியில் பொறித்திருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்ற வேண்டும். 1.1 அல்லது 1.4 பார் என்பது போல எழுதியிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் காருக்குள் சூடான காற்றைத் தரும் நல்ல ஹீட்டர் கோரையும் உடைத்துவிடலாம். பதினைந்து இருபது நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் டார்ச்சோடு தேடுங்கள்: ஹோஸ் கிளிப் ஓரங்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் இடம், தெர்மோஸ்டாட் உறை, வாட்டர் பம்ப்பின் அடியிலுள்ள கசிவுத் துளை, முன் இருக்கைக் கால்மிதிக்கு அடியில் ஈரம். காய்ந்த இடத்தில் வெள்ளை அல்லது நிறப் பொருக்கு இருந்தால் அங்கே பழைய கசிவு இருக்கிறது. டைமிங் பெல்ட்டால் ஓடும் பம்ப் என்றால் கசிவு பெல்ட் உறைக்குள்ளேயே தங்கிவிடும், உறையின் கீழ்ப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் நின்ற அழுத்தம் சூடானதும் இறங்குவதுண்டு, அதனால் வண்டியை ஓட்டிச் சூடாக்கி ஆறவிடும்போது மறுபடி ஒரு முறை சோதிப்பது நல்லது. மூடியையும் அதே டெஸ்டரில் தனியாகச் சோதிக்கலாம்.

எங்கள் வண்டியில் முள் மெதுவாக இறங்கியது, வெளியே ஒரு சொட்டு இல்லை. அப்படியென்றால் கூலன்ட் என்ஜினுக்குள்தான் போகிறது. பட்டறை மொழியில் 'என்ஜின் தண்ணி குடிக்குது.' ஆனால் உள்ளே போக வழி ஒன்றல்ல: ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல், ஆயில் கூலர், இ.ஜி.ஆர். கூலர். மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் ஹெட்டை இறக்குவதைத்தான் தடுக்க வேண்டும்.

எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறதா என்பதற்கு எளிய அறிகுறி, இரவெல்லாம் ஆறிய என்ஜினை மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது. அந்த நேரத்தில் கூலன்ட் இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கும், அதன் விரிவால் அவ்வளவு அழுத்தம் வர வழியில்லை. உறுதிப்படுத்த நீலத் திரவ டெஸ்டர் உண்டு. டேங்க் வாயில் பொருத்தி மேலே உள்ள காற்றை அதன் வழியே உறிஞ்சினால், எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு நீலத்தை மாற்றும்: பெட்ரோலுக்கு மஞ்சள், டீசலுக்குப் பச்சை. டீசல் ஐடிலில் காற்று மிகுதியாக எரிவதால் கார்பன் டை ஆக்ஸைடு குறைவு. ஐடிலில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று சொல்வதை ஏற்காதீர்கள். மேட்டில் சுமையோடு ஓட்டி வந்து, மூடியைத் திறக்கும் அளவுக்கு ஆறவிட்டு, ஆர்.பி.எம்மை ஏற்றி வைத்துச் சோதிக்க வேண்டும். கூலன்ட் திரவத்துக்குள் ஏறிவிட்டால் அந்தச் சோதனை செல்லாது, முன்கூட்டியே டேங்க் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னும் உறுதியானது சிலிண்டர் கசிவுச் சோதனை. குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்குவது) துளை வழியாக, பிஸ்டன் மேல் உச்சியில் நிற்கும்போது ஆறேழு பார் காற்றைச் செலுத்தி டேங்கைப் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு மட்டும் குமிழ் வந்தால் கேஸ்கெட்டோ விரிசலோ அந்த இடத்தில்தான். எங்கள் வண்டியில் எந்தச் சிலிண்டருக்கும் குமிழ் வரவில்லை.

ஆயில் கூலர் பழுதானால் படம் வேறு. ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலன்ட் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் ஆயில்தான் கூலன்ட்டுக்குள் போகும், டேங்கில் பழுப்பு நிறக் கொழகொழப்பு மிதக்கும். அதைக் கண்டதும் கேஸ்கெட் என்று சொல்லிவிடுவது அவசரம். ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் லேசான வெள்ளைப் பூச்சு இருந்தால் அது குறுந்தூர ஓட்டத்தில் சேர்ந்த ஈரமாகவும் இருக்கலாம், ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியை (டிப் ஸ்டிக்) எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மிஞ்சியது இ.ஜி.ஆர். கூலர். டீசலில் கூலன்ட் தடம் தெரியாமல் மறைந்தால் இதை முதல் வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மெல்லிய ஸ்டீல் குழாய்களின் ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான டிகிரிப் புகை, மறுபக்கம் கூலன்ட். மட்டம் குறைந்த வண்டியில் கூலருக்குள் நீர் அங்கங்கே கொதித்து, குழாய் சீரற்றுச் சூடாகி, பற்றவைத்த இடங்களில் மயிரிழை விரிசல் விடும். வண்டியை நிறுத்திய பின் புகைப் பக்கம் அழுத்தம் இருக்காது, கூலன்ட் பக்கம் சூட்டில் அழுத்தத்தோடு இருக்கும். அந்த நேரத்தில்தான் கூலன்ட் புகைப் பக்கத்துக்கு ஊறும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்து நின்றுவிடும். கண்ணை எரிக்கும் கார வாடையான வெள்ளைப் புகை என்றால் அது எரியாத டீசல், இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக் விவகாரம். இன்னொரு சிக்கல்: விரிசல் பெரிதானால் புகையும் கூலன்ட்டுக்குள் போகலாம், நீலத் திரவமும் நிறம் மாறலாம். அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி ஹெட்டை இறக்கியவர்கள் புது கேஸ்கெட் போட்ட பிறகும் கூலன்ட் குறைவதைப் பார்ப்பது இதனால்தான்.

இதைப் பிரித்தறிய என்ஜினை ஓட்டவே வேண்டாம். கூலருக்குப் போகும் இரண்டு கூலன்ட் ஹோஸ்களையும் கழற்றி, ஒரு உலோகக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்து, மட்டத்தை நிரப்பி, அழுத்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். எங்கள் வண்டியில் இப்போது முள் அசையவில்லை. கூலரை இறக்கி, ஒரு கூலன்ட் வாயை அடைத்து, மறு வாயில் இரண்டு பார் காற்று கொடுத்து வெந்நீரில் முக்கியபோது புகைப் பக்கத்திலிருந்து குமிழ் வந்தது. பச்சைத் தண்ணீரில் முக்கினால் சில விரிசல்கள் மூடிக்கொண்டு குமிழ் வராமல் போகலாம், தண்ணீர் சூடாக இருப்பது நல்லது. இ.ஜி.ஆர். வால்வு பக்கம் கரி ஈரச் சேறாக இருந்ததும் ஒத்துப்போனது. இப்படிக் கசியும் வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது என்ஜின் சுற்றாமல் கட்டையாக நின்றால், மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள்.

கசிவே இல்லாமல் சூடாகும் வண்டிக்கு இரண்டு சொல்ல வேண்டும். இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரால் ரேடியேட்டரைக் கட்டம் கட்டமாகப் பார்த்தால் அடைத்த குழாய்கள் குளிர்ந்த திட்டுகளாகத் தெரியும், பளபளக்கும் உலோகம் பொய் எண் காட்டுமாதலால் கறுப்பு டேப் ஒட்டிய இடத்தில் அளக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லும் பழைய யோசனையை ஏற்க வேண்டாம். பல என்ஜின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும் வேலையையும் செய்கிறது. கழற்றினால் கூலன்ட் ரேடியேட்டரைச் சுற்றாமல் குறுக்கே திரும்பி, சூடு கூடும். கூடாவிட்டாலும் என்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப். சுத்தமாகாமல் அடைக்கும். கசிவை அடைக்கும் பொடியும் வேண்டாம், அது ஹீட்டர் கோரையும் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும்.

பழுது பார்த்த பிறகு நிரப்புவதில் நடக்கும் பிழை அதிகம். மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர், தண்ணீரால் அலசிய பின் பிளாக்கில் 3 லிட்டர் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 5 லிட்டருக்கு ஏற்கெனவே 50:50 கலந்து வரும் ரெடிமிக்ஸ் ஊற்றினால் கிளைக்கால் 31 சதவீதம்தான் வரும். 4 லிட்டர் அடர் கூலன்ட் (தண்ணீர் கலக்காதது) முதலில், பிறகு 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், இதுதான் சரி. நிறத்தைப் பார்த்து வகையைத் தேர்வு செய்யாதீர்கள், வண்டியின் கையேட்டில் உள்ள தரக்குறியீட்டைப் பாருங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுப்போக்கித் திருகைத் திறந்து நிரப்பி, பிறகு 2,000 ஆர்.பி.எம். அளவில் கீழ் ஹோஸ் சூடாகும்வரை ஓட்ட வேண்டும். ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் உள்ளே ஏர் லாக் இருக்கிறது. வேக்குவம் முறையில் நிரப்பும் பட்டறை கிடைத்தால் அதையே கேளுங்கள்.

ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்று சோதனைகள் சொன்னால், லேத்துக்குப் போகும் முன் சில விஷயங்களைப் பேசிவிடுங்கள். ஹெட்டின் சமதளத்தை அளந்த எண்ணைக் கேளுங்கள், பொதுவாக 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான் அனுமதி. பல டீசல் ஹெட்களைச் சீவக் கூடாது என்று தயாரிப்பாளரே விதித்திருப்பார். விரிசலுக்கு ஹெட்டைத் தனியாக அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். கேஸ்கெட்டின் தடிமன், பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்பதைப் பொறுத்தது, ஓரத்தில் தடிமனைக் குறிக்கும் துளை அல்லது வெட்டு எண்ணிக்கை பழையதோடு பொருந்த வேண்டும். கோணக் கணக்கில் முறுக்கும் ஹெட் போல்ட்கள் புதிதாகத்தான் போட வேண்டும்.

விமானம் ஏறும் முன், ஆறிய என்ஜினில் டேங்கின் மட்டத்துக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடும் தேதியும் போட்டுவிடுங்கள். அதே கலவையில் ஒரு லிட்டர் தயாராகக் கலந்து, பெயர் எழுதி, குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், உயிரைக் கொல்லும். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்ல வேண்டியது: சூடான மூடியைத் திறக்கக் கூடாது, கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஊற்றுவதற்கு முன் படம் எடுத்து அனுப்ப வேண்டும், சிவப்பு விளக்கு எரிந்தால் ஏசியை அணைத்து ஓரம் கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும்.