எழுபது ரூபாயில் வீட்டுக்கே வந்த நேர்காணல்

அப்பாவிடம் ஒரு மஞ்சள் பை உண்டு. ஓய்வூதியப் புத்தகம், ஆதார் நகல், பாஸ்புக், எந்த அலுவலகத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு அவரே எழுதிய துண்டுச் சீட்டுகள் எல்லாம் அதற்குள் இருக்கும். "நாளைக்கு இல்லைன்னுட்டா காட்டணும்ல" என்பார். பொதுப்பணித் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அவருக்கே அரசு அலுவலகம் என்றால் இந்தப் பயம்.

சிங்கப்பூரிலிருந்து பிப்ரவரியில் ஊருக்குப் போனேன். அப்பா ஓய்வு பெற்ற மாதம் அதுதான். தமிழக அரசு ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் வருடாந்திர நேர்காணல் இப்போது ஓய்வு பெற்ற மாதத்திலேயே நடக்கிறது. முன்பு எல்லோரும் ஒரே சமயத்தில் போய் மொய்க்க வேண்டியிருந்தது.

சில வருடங்களுக்கு முன் இதற்காக ஒரு அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. மாடியில் அறை, சாய்தளம் இல்லை. பொதுக் கட்டடங்களில் எல்லோரும் ஏறி இறங்க வசதி வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கைரேகை பதியவில்லை. "போய் நல்லா கை கழுவிட்டு வாங்க" என்றார்கள். மூன்று தடவை கழுவினார். தன் விரலே தன்னை ஏமாற்றிவிட்டதைப் போல வழியெல்லாம் பேசாமல் வந்தார்.

இந்த முறை தபால்காரரிடம் சொல்லிவைத்தோம். மறுநாள் பதினொரு மணிக்கு வந்து, "ஐயா, எழுந்திரிக்க வேணாம், நானே பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்று திண்ணையில் உட்கார்ந்தார். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் கேட்டார். விரல் இந்த முறையும் பதியவில்லை. அப்பா முகம் சுருங்கியது. "வயசானா ரேகை தேஞ்சிடும்ங்க ஐயா, உங்க மேல தப்பில்ல" என்று சொல்லி, அவரை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, முகத்தைப் படம் பிடித்தார். "கண்ணை மெதுவா மூடித் திறங்க." அவ்வளவுதான். கட்டணம் எழுபது ரூபாய்.

'ஜீவன் பிரமாண்' என்ற இந்த மின்னணு உயிர்வாழ் சான்றிதழ் 2014 நவம்பரில் வந்தது. முகத்தை வைத்து அடையாளம் காணும் வசதி 2021-இல் சேர்ந்தது. இத்தனை வருடமாக அது இருந்தும், இந்திய அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கி அதைத் தபால்காரர் கையில் கொடுத்து அனுப்பிய பிறகுதான் என் அப்பாவுக்கு எட்டியது. "உங்க மேல தப்பில்ல" என்ற அந்த ஒரு வார்த்தை எந்தச் செயலியிலும் கிடைக்காது. சிங்கப்பூரிலும் 2020-இல் மூத்தோருக்குக் கைப்பேசி சொல்லிக்கொடுக்க மின்னிலக்கத் தூதர்களை அமர்த்தினார்கள். அங்கேயும் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டது.

இதே திண்ணையில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலரும் வந்து அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐநா விருது கிடைத்தது. அப்பாவுக்கு விருது பற்றித் தெரியாது. அந்தப் பெண் எந்தக் கிழமை வருவார் என்பது தெரியும்.

ஒரு குறை. சான்றிதழ் எண்ணோடு வந்த குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா அதையே வெறித்துப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தமா?" என்று என்னைக் கேட்டார். நான் அன்று பக்கத்தில் இருந்தேன், சரி. அடுத்த வருடம்? 'உங்கள் நேர்காணல் முடிந்தது' என்று தமிழில் ஒரு வரி போதும். பெரிய எழுத்தில் ஒரு ரசீதும் தந்தால் அது நேராக மஞ்சள் பைக்குள் போய்விடும். ரசீதைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை எதிர்வீட்டு அத்தை வந்தார். அவருக்கு முழங்கால் வலி, மாமாவின் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர். அப்பா மஞ்சள் பையைத் திறந்து, தபால்காரரின் எண்ணை எழுதி வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினார். "நீ எங்கேயும் அலையாதம்மா. இவருக்கு ஒரு போன் போடு. வரும்போது வெளிச்சத்துல உக்காந்துக்கோ, கண்ணை மெதுவா மூடித் திறக்கணும்" என்றார்.