பொன்னியின் பகல்நேரப் பயிற்சி: இரண்டு மையங்கள், 16 மாதங்கள்

பொன்னி எங்கள் வீட்டுக்கு வந்தது 2024 ஜூன் மாதத்தில். அப்போது எட்டு வாரமே ஆன, இளம்பழுப்பு நிறச் சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி. நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள். பகலில் வீட்டில் இருப்பவர் என் அம்மா மட்டுமே, அவருக்கும் முழங்கால் வலி. குட்டியை ஒரு மாதம் எங்கோ தங்கவைத்து, பழக்கப்பட்ட நாயாகத் திரும்பப் பெறுவதில் எங்களுக்கு விருப்பமில்லை. காலை ஒன்பது மணிக்கு விட்டு மாலை ஐந்தரைக்கு அழைத்துவரும் பகல்நேரப் பயிற்சியே ஏற்றது என்று முடிவுசெய்தோம். தென்சென்னையில் அடுத்தடுத்து இரண்டு மையங்களில் அவளைச் சேர்த்தோம். முதலாவதில் ஏழு வாரம் இருந்தாள்; இரண்டாவதற்கு இன்றும் சென்றுவருகிறாள்.

எல்லாத் தடுப்பூசியும் முடிந்த பிறகே குட்டியை வெளியே கொண்டுசெல்ல வேண்டும் என்றுதான் பலரும் சொன்னார்கள். குட்டிகளுக்கு உயிர்க்கொல்லியான குடல் நோயைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது என்பதால் அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் மனிதர், ஓசை, பிற நாய்கள் ஆகியவற்றை இயல்பானவை என்று ஒரு குட்டியின் மனம் எளிதில் ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைதான். அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், முதல் தடுப்பூசியும் குடற்புழு நீக்க மருந்தும் கொடுத்து ஏழு நாட்களாவது கழிந்திருந்தால், ஏழெட்டு வாரக் குட்டியையும் வகுப்பில் சேர்க்கலாம் என்று கூறியது. எங்கள் கால்நடை மருத்துவரும் இதையே சொன்னார். பிற குட்டிகளின் தடுப்பூசி அட்டையைப் பார்த்த பின்பே சேர்த்துக்கொள்ளும் இடமாக இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. பதினோராம் வாரத்தில் சேர்த்தோம்.

முதல் மையத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவர்கள் அனுப்பிய காணொளிகள். ஒரே வரிசையில் பத்து நாய்கள் அசையாமல் அமர்ந்திருந்த காட்சி எங்களை மயக்கிவிட்டது. இரண்டாவது வாரமே பொன்னி வீட்டில் அமைதியாகிவிட்டாள். செருப்பைக் கடிப்பது நின்றது, கதவு மணிக்குக் குரைப்பது நின்றது. அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "குழந்தை சிரிக்கவே மாட்டேங்குதே" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாவது வாரத்தில் ஒரு காலையில் ஆணியில் மாட்டியிருந்த லீஷை, அதாவது நாயைப் பிடித்துக்கொள்ளும் கயிற்றை, எடுத்தேன். பொன்னி வாலை அடிவயிற்றோடு ஒடுக்கி, காதுகளைப் பின்னுக்குச் சாய்த்து, உதட்டை மீண்டும் மீண்டும் நக்கியபடி தரையோடு படிந்தாள். அவள் எழுந்த இடத்தில் சிறுநீர் சொட்டியிருந்தது. அடுத்த முறை தடுப்பூசிக்குச் சென்றபோது மருத்துவர் கழுத்து முடியை விரல்களால் விலக்கிக் காட்டினார். ஒரு விரல் அகலத்துக்கு முடி தேய்ந்து தோல் சிவந்திருந்தது. மையத்தில் சோக் செயின், அதாவது இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி, போட்டிருக்கிறார்கள். கேட்டபோது, "வேட்டை நாய் சார், இப்படித்தான் அடக்கணும்" என்றார்கள். சிப்பிப்பாறைக்குத் தோல் மெல்லியது, முடி குட்டையானது, மனமும் சட்டென்று சுருங்கிவிடக்கூடியது. நான் பழக்கம் என்று நினைத்து மகிழ்ந்தது அச்சத்தால் வந்த அடக்கம். நாய்ப் பயிற்சியாளருக்கென்று கட்டாய உரிமம் ஏதும் இல்லாத நம் நாட்டில் இதைக் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் வளர்ப்பவரையே சேர்கிறது. அந்தப் பொறுப்பில் நான் ஏழு வாரம் தவறினேன் என்பது இப்போதும் வருத்தமாகவே இருக்கிறது.

இரண்டாவது மையத்தைத் தேடும்போது காணொளி எதையும் பார்க்கவில்லை. அரை நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். மூன்று இடங்களில் மறுத்துவிட்டார்கள், நான்காவது இடத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் பயிற்சி என்று கேட்டதற்கு, "ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு ஐந்தாறு தடவை, மற்றபடி கொஞ்சம் விளையாட்டு, நிறையத் தூக்கம்" என்றார் பயிற்சியாளர். அந்தப் பதில்தான் எங்களை அங்கே சேர்த்தது. இந்த வயதுக் குட்டி நாளுக்கு 18 மணி நேரம் வரை தூங்கும். நாள் முழுவதும் ஓடவிட்டுக் களைப்படையச் செய்து அனுப்பும் இடத்திலிருந்து வரும் குட்டி மாலையில் கடித்துக் குதறத்தான் செய்யும். இங்கே குட்டிகளுக்கென்று திரையிட்ட இருட்டறை ஒன்று இருந்தது. இரண்டு பணியாளருக்கு ஆறு குட்டிகள். பெரிய நாய்களுக்குத் தனி முற்றம். வழுக்காத ரப்பர் விரிப்பு. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே வயிற்றுப்போக்குடன் வந்த ஒரு பீகிள் குட்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பி, நின்ற இடத்தையும் கழுவிவிட்டார்கள்.

முதல் பத்து நாள் அவர்கள் பொன்னிக்கு எதையும் கற்பிக்கவில்லை. கழுத்துக்குப் பதிலாக மார்பைச் சுற்றி மாட்டும் வாரான ஹார்னஸைத் தரையில் வைத்து, அவள் தானாக அருகில் வரும்போது மட்டும் வேகவைத்த கோழி ஈரல் துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். பதினோராம் நாள் அவளே அதற்குள் தலையை நுழைத்தாள்.

கட்டளைச் சொற்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் மையத்தில் 'சிட்', 'ஸ்டே' என்று பழக்கினார்கள். வீட்டில் அம்மா சொல்வதோ 'உக்காரு', 'இரு'. பொன்னி இருவரையும் மாறிமாறிப் பார்ப்பாள். புதிய பயிற்சியாளர் சேர்ந்த அன்றே, வீட்டில் வழங்கும் சொற்களை அம்மாவின் உச்சரிப்பிலேயே எழுதி வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு சொல்லுடனும் ஒரு கை அசைவையும் சேர்த்துப் பழக்கினார். சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் எங்களுக்கும் பயிற்சி உண்டு. கட்டணம் மாதம் 11,000 ரூபாய். முந்தைய இடத்தைவிட 4,000 கூடுதல். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அது தகும். மையத்தில் கற்றது வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தது அதனால்தான்.

குறையும் உண்டு. 2025 மே மாத வெயிலில் முற்றத்துக்குப் போதிய நிழல் இல்லை. நாங்கள் சொன்ன பிறகே பச்சை வலை கட்டினார்கள். ஒரு முறை காதில் உண்ணியோடு வந்தாள், ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் கண்டு, இரத்தப் பரிசோதனையில் உண்ணியால் பரவும் எர்லிக்கியா கிருமி என்று தெரிந்து, நான்கு வாரம் டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. உண்ணி அங்கே ஏறியதா தெருவில் ஏறியதா என்று சொல்ல முடியாது. ஆனால் நாய்கள் கூடும் எந்த இடத்துக்கும் உண்ணி மருந்தைத் தவறவிடாமல் கொடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

எட்டாம் மாதத்தில், படித்ததையெல்லாம் மறந்தவள் போல ஆறு வாரம் நடந்துகொண்டாள். பருவ வயதில் பல நாய்களுக்கும் இது வரும். கண்டிப்பைக் கூட்டாமல், பயிற்சியைக் குட்டிப் பருவத்தின் தொடக்க நிலைக்கே கொண்டுபோனார்கள், அவளும் மீண்டாள். 2024 தீபாவளியன்று கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டு, இரவு முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. 2025 ஜூலையிலிருந்தே பட்டாசு ஓசையை மிகத் தாழ்வாக ஒலிக்கவிட்டு, கேட்கும்போதெல்லாம் ஈரல் கொடுத்து, வாரத்துக்குச் சிறிதாக ஒலியைக் கூட்டினார்கள். அக்டோபர் 20, தீபாவளியன்று சரவெடிக்குக் காதை நிமிர்த்தினாள். உறையவைத்த தயிர்சாதம் அடைத்த ரப்பர் பொம்மையை நக்குவதை நிறுத்தவில்லை.

ஓட்டம் மட்டும் இன்னும் கைவசப்படவில்லை. பூனையோ அணிலோ கண்ணில் பட்டால் எந்தச் சொல்லும் அவள் காதில் ஏறுவதில்லை. முயலைக் கண்ணால் கண்டு துரத்துவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனத்தில் அது முழுமையாகக் கட்டுப்படும் என்று உறுதிகூற முடியாது என்பதைப் பயிற்சியாளர் முதல் மாதமே சொல்லிவிட்டார். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் அனுப்புகிறோம். அந்த இரண்டு நாளும் பத்து மீட்டர் நீளக் கயிற்றில், கூப்பிட்டால் திரும்பிவரும் பயிற்சிக்கே செலவாகின்றன. வெளியிடத்தில் அந்தக் கயிற்றை நாங்கள் இதுவரை அவிழ்த்ததில்லை.