குழந்தைப்பேறு சிகிச்சை: மனநல ஆலோசகரா, வாட்ஸ்அப் குழுவா?

ஐவிஎஃப் (சோதனைக் குழாய் குழந்தை) மையங்கள் தம்பதிக்கு ஆலோசனை தர வேண்டும் என்கிறது 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துவிட்டால், மனநல ஆலோசகரிடம் தனியாக நேரம் கேளுங்கள். கணவனும் மனைவியும் முதலில் தனித்தனியாகப் பேசி, பிறகு சேர்ந்து உட்காருவது நல்லது. விந்தணுக் குறைபாட்டைப் பற்றிய வெட்கத்தை மனைவி முன்னால் பல ஆண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. "ஏதாவது விசேஷமா?" என்று கல்யாண வீட்டில் கேட்பவர்களுக்கான பதிலையும் அங்கேயே பேசிப் பழகலாம்: "நல்ல சேதின்னா நாங்களே சொல்றோம் அத்தை." செலவுதான் இதில் சிக்கல்.

இதே சிகிச்சையில் இருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குச் செலவில்லை. ஊசி போட்ட இடம் கட்டிப்போனால் எப்படி வலிக்கும் என்று அங்கிருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அந்தத் துணை பெரிது, ஆலோசகரால் அதைத் தர முடியாது.

ஆனால் கரு வைத்த பிறகு, ரத்தப் பரிசோதனை வரையிலான 10–14 நாள் குழுவை மியூட்டில் போடுங்கள். மார்பு கனப்பதும் வயிறு உப்புவதும் கரு தங்குவதற்காகத் தரும் புரோஜெஸ்டிரோன் மருந்தாலேயே வரும். அடுத்தவர் அறிகுறியோடும் பீட்டா அளவோடும் (ரத்தத்தில் கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோன் அளவு) ஒப்பிட்டால் தூக்கம்தான் கெடும். அடுத்தவரின் மருந்தளவை ஒருபோதும் பின்பற்றாதீர்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால் குழு போதாது, ஆலோசகரோ மனநல மருத்துவரோ வேண்டும். உயிரை விடத் தோன்றினால் உடனே 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.