தரையோடு ஒட்டிய காரை வீட்டிலேயே தூக்க: சிசர் ஜாக்கியா, ரேம்ப்பா, டிராலி ஜாக்கியா?

லோயரிங் ஸ்ப்ரிங் (வண்டியைத் தரைப் பக்கம் தாழ்த்தும் குட்டை ஸ்ப்ரிங்) போட்ட காருக்கு வீட்டில் ஆயில் மாற்ற உட்கார்ந்தால், ஆயில் மாற்றும் நேரத்தைவிட ஜாக்கியை உள்ளே நுழைக்கப் படும் பாடுதான் அதிகம். ஃபோக்ஸ்வாகன் போலோவை எடுத்துக்கொள்வோம். 2022-இல் இந்தியாவில் உற்பத்தி நின்றுபோனாலும், வண்டியைத் தாங்களே நோண்டிப் பார்க்கும் ஆட்களிடம் இன்றைக்கும் அதற்கு மவுசு உண்டு. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருப்பதாலோ என்னவோ, அந்தப் பக்கம் ஸ்ப்ரிங் மாற்றி இறக்கிய போலோக்கள் நிறையவே கண்ணில் படும்.

கம்பெனியிலிருந்து வரும்போது அதன் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் சுமார் 165 மி.மீ. இடைவெளி. 35 மி.மீ. இறக்கினால் மிச்சம் 130. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 2 டன் டிராலி ஜாக்கியை (சக்கரம் வைத்து உருட்டும் ஹைட்ராலிக் ஜாக்கி) முழுக்க இறக்கி வைத்தாலே 130 முதல் 140 மி.மீ. உயரம் இருக்கும். அதாவது ஜாக்கி வாசலிலேயே நின்றுவிடும். பாட்டில் ஜாக்கி இன்னும் உயரம், 15 செ.மீ.க்கு மேல். லாரிக்கும் ஜீப்புக்கும் அது ராஜா, இந்த வேலைக்கு ஆகாது. அதை இங்கேயே ஓரம் கட்டிவிடலாம்.

மீதி இருப்பவற்றை ஒப்பிடும் முன் ஒரு விஷயம். தூக்குகிற சாமான் வேறு, தாங்குகிற சாமான் வேறு. விலை, டன் கணக்கு, பிராண்ட் என்று நாம் அலசுவதெல்லாம் பெரும்பாலும் தூக்குகிற சாமானைப் பற்றித்தான். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் ஆளின் உயிர் இருப்பது தாங்குகிற சாமானில், அதாவது தூக்கிய வண்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டில்.

டிக்கியில் இருக்கும் சிசர் ஜாக்கி

இதற்கு ஒரு பெரிய அனுகூலம்: மடக்கினால் சுமார் 10 செ.மீ.தான், எவ்வளவு தாழ்ந்த வண்டிக்கும் அநேகமாக நுழைந்துவிடும். காசும் செலவில்லை. ஆனால் தாழ்வாக இருக்கும்போதுதான் அது அதிகம் திணறும். ஜாக்கியின் கைகள் கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கும் நிலையில், மேலே ஏறும் எடையைவிடப் பல மடங்கு விசையைத் திருகாணி இழுத்தாக வேண்டும். ஒரு மூலையில் 350 கிலோ என்று வைத்துக்கொண்டால், கைகள் தரையோடு 15 டிகிரி இருக்கும்போது திருகாணிமேல் விழுவது சுமார் 1,300 கிலோ. 45 டிகிரிக்கு எழுந்த பிறகு அதே 350 கிலோதான். முதல் சில சுற்றுகளில் கைப்பிடி மல்லுக்கட்டுவதும், பழைய ஜாக்கியின் மரை தேய்ந்துபோவதும் இதனால்தான். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

திருகாணி தானாகத் திரும்பி வண்டி மெல்ல இறங்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம், மரை அதை விடாது. பயப்பட வேண்டியது ஜாக்கி சாய்வதற்கு. அடித்தட்டு உள்ளங்கை அகலம்தான். வண்டி இரண்டு அங்குலம் முன்னே பின்னே உருண்டாலும் கவிழ்ந்துவிடும்.

உருளாமல் இருக்க கியரில் போட்டுவிட்டேன், ஆட்டோமேட்டிக்கில் பி-யில் (பார்க்கிங்) போட்டுவிட்டேன் என்பார்கள். போலோ முன்சக்கர டிரைவ். முன்பக்கம் ஒரு சக்கரம் தரையை விட்டு எழுந்ததும், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சும்மா சுற்றிக்கொள்ள, தரையில் இருக்கும் மற்றதும் தாராளமாக உருளலாம். கியரும் பி-யும் அப்போது வண்டியைப் பிடிக்காது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும், சரி. ஆனால் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கினால் அதுவும் கணக்கில் இல்லை. ஆகவே எந்த ஜாக்கி வாங்கினாலும், தரையில் இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை அண்டக் கொடுப்பதுதான் முதல் வேலை.

மொத்தத்தில் சிசர் ஜாக்கி பஞ்சரான டயரைக் கழற்றி ஸ்டெப்னி மாட்ட. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. வண்டியோடு வரும் கையேடும் இதைத்தான் சொல்கிறது.

ரேம்ப்

ஆயில் மாற்ற மட்டும் என்றால் எனக்கு டயரை ஏற்றி நிறுத்தும் சரிவு மேடையான ரேம்ப்தான் பிடிக்கும். வண்டியின் எடை டயர் வழியாகவே இறங்குகிறது. எந்த இடத்தில் ஜாக்கி வைப்பது, தகடு மடங்குமோ என்ற கவலையே இல்லை. இறங்கிப் படுத்தால் வண்டி அசையாது.

தாழ்ந்த வண்டியில் சிக்கல் பம்பர். கடையில் விற்கும் குட்டையான ரேம்ப்பில் 16 செ.மீ. ஏற அரை மீட்டர்தான் சரிவு இருக்கும், ஏறக்குறைய 18 டிகிரி. டயர் சரிவைத் தொடும் முன்பே பம்பரின் அடி உதடு போய் இடிக்கும். 10 டிகிரிக்குக் குறைக்க வேண்டுமானால் அதே உயரத்துக்கு 90 செ.மீ. சரிவு தேவை. அப்படி நீளமானவை வெளிநாட்டில் கிடைக்கின்றன. இங்கே அதற்கு அலைவதைவிட மரக்கடைக்குப் போவது நல்லது.

4 செ.மீ. கனம், 25 செ.மீ. அகலப் பலகை. அடிப்பலகை 130 செ.மீ., அதன்மேல் 100, அப்புறம் 70, உச்சியில் 40. ஒரு முனையைச் சமமாக வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஸ்க்ரூ போட்டால் நாலு படி, 16 செ.மீ. உயரம். பக்கத்துக்கு ஒன்று வேண்டும். உச்சிப் படியின் கடைசியில் ஒரு குறுக்குக் கட்டை கட்டாயம், இல்லாவிட்டால் டயர் மறுபக்கம் இறங்கிவிடும். இதில் ஒரு சௌகரியம், ஒவ்வொரு படியிலும் டயர் ஏறி உட்காருவது ஸ்டீயரிங்கில் தெரியும். எவ்வளவு ஏறினோம் என்று குருட்டாம்போக்கில் ஓட்ட வேண்டியதில்லை. பலகை வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். பெட்டி உடைத்த பேக்கிங் மரம் உதவாது.

நம் ஊர் போர்டிகோக்களில் டைல்ஸ் போட்டு மெழுகி வைத்திருப்போம். அதில் பிளாஸ்டிக் ரேம்ப்பை வைத்து ஏறப் பார்த்தால், டயர் ஏறுவதற்குப் பதிலாக ரேம்ப்பை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். அடியில் ரப்பர் ஷீட் போட வேண்டும், அல்லது வெளியே சிமெண்ட் தரைக்கு வர வேண்டும். ‘வா வா’ என்று கை காட்டுகிறவர் வண்டிக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும். சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் நின்று வழிகாட்டுவது நம் வீடுகளில் வழக்கமான கூத்து.

ரேம்ப்பால் முடியாதது: பிரேக் பேட், ஷாக் அப்சார்பர், டயர் மாற்றி மாட்டுவது. சக்கரமே ரேம்ப்மேல் நிற்கும்போது அதை எப்படிக் கழற்றுவது?

லோ புரொஃபைல் டிராலி ஜாக்கி

அந்த வேலைகளுக்கெல்லாம் இதுதான். இறக்கிய நிலையில் 75 முதல் 90 மி.மீ.தான் உயரம், 130 மி.மீ. வண்டிக்குள் தாராளமாகப் போகும். சாதாரண டிராலியைவிட விலை நன்றாகவே கூடுதல், எடையும் கூடுதல். மாடிவீட்டுக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு படியேறுவதை யோசித்து வாங்கவும்.

நுழைந்துவிட்டது, சரி. எங்கே வைத்துத் தூக்குவது? கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில், முன்சக்கரத்துக்குப் பின்னாலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும் கம்பெனி குறித்த இடங்கள் உண்டு. ஜாக்கியின் இரும்புத் தட்டை நேராக அங்கே கொடுத்தால் விளிம்புத் தகடு மடங்கும், பெயின்ட் உரியும், பிறகு துரு பிடிக்கும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேட் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். ஆனால் ஜாக்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? ரெண்டுக்கும் அதே இடம்தான் வேண்டும். அதனால்தான் மெக்கானிக்குகள் முன்பக்கம் நடுவில் இருக்கும் சப்ஃபிரேமில் (எஞ்சினுக்குக் கீழே உள்ள கனமான இரும்புச் சட்டம்) ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இரண்டு ஓரத்திலும் ஸ்டாண்ட் வைக்கிறார்கள். அந்த இடம் உங்கள் மாடலில் எது என்பதைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் சம்ப் பக்கத்திலேயே தொங்கும், அதில் ஜாக்கி பட்டால் சம்ப் நசுங்கி, ஆயில் மாற்றப் போனவர் சம்ப்பே மாற்றிக்கொண்டு வருவார்.

அந்த நடு இடம் பம்பரிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. லோ புரொஃபைல் ஜாக்கியே ஆனாலும், தட்டு உள்ளே போய்ச் சேரும் முன் அதன் பின்பகுதி பம்பர் உதட்டில் முட்டும். முட்டாமல் நுழைந்தாலும் கைப்பிடியை அடிக்க இடம் இருக்காது. இதற்குப் பரிகாரம் ரேம்ப் பகுதியில் சொன்ன அதே மரம்தான். முன்சக்கரங்களை 4 செ.மீ. பலகை ஒன்றின்மேல் ஏற்றி நிறுத்தினால் அந்த 4 செ.மீ. போதும், கைப்பிடி ஆடும்.

டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை, வில் போல வளைந்து போகிறது. அதனால் தூக்கத் தூக்க ஜாக்கியே வண்டிக்கு அடியில் கொஞ்சம் உருண்டு நகர வேண்டும். சிமெண்ட் தரையில் நகரும். மண்ணிலும் பேவர் பிளாக் இடுக்கிலும் சக்கரம் மாட்டிக்கொள்ளும், அப்போது ஜாக்கிக்குப் பதில் வண்டி நகரும், அல்லது தட்டு வழுக்கும். ஜாக்கி உருளாமல் இருக்கட்டும் என்று அதன் சக்கரத்துக்குக் கல் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், கல் காரின் சக்கரத்துக்குத்தான்.

இது எண்ணெய் அழுத்தத்தில் நிற்கும் கருவி. சீல் போனால் இறங்கிவிடும். ஆக, தூக்கியதும் ஸ்டாண்ட்.

தாங்குவது

ஸ்டாண்டில் இரண்டு ரகம். பல் வைத்து ‘டக் டக்’ என்று ஏறும் ராட்செட் ரகம், ஓட்டைக்குள் பின் சொருகும் ரகம். ராட்செட் வேகம், உயரமும் நுணுக்கமாக வைக்கலாம். பின் ரகத்தில் அடுத்தடுத்த ஓட்டைகளுக்கு நடுவில் நமக்கு வேண்டிய உயரம் கிடைக்காமல் போகலாம். இருந்தும் என் ஓட்டு பின்னுக்கு. 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் தன் பிட்ஸ்பர்க் பிராண்ட் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது. தயாரிக்கும் கருவிகள் பழசானதில் பல்லும் கொக்கியும் சரியாகக் கவ்வாமல், எடை அசைந்தால் ஸ்டாண்ட் திடீரென இறங்கக்கூடும் என்பது காரணம். பதிலுக்குக் கொடுத்தவற்றில் சிலவற்றிலும் வெல்டிங் குறை இருந்து, அவற்றையும் திரும்ப அழைத்தார்கள். பின் ஸ்டாண்டில் நம்ப வேண்டியது ஒரு விரல் பருமன் இரும்புக் கம்பியை, அது முழுக்கச் சொருகியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ராட்செட் ஏற்கனவே வைத்திருந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. கூடவே பாதுகாப்பு பின் உள்ளதா என்று பாருங்கள். டன் கணக்கு ஒன்றுக்கா ஜோடிக்கா என்று லேபிளையும் படித்துவிடுங்கள்.

தாழ்ந்த வண்டிக்காரர் பார்க்க வேண்டிய இன்னொரு எண், ஸ்டாண்டின் குறைந்தபட்ச உயரம். பல ஸ்டாண்டுகள் 27, 28 செ.மீ.யில்தான் தொடங்குகின்றன. 13 செ.மீ.யில் இருக்கும் விளிம்பை 28-க்குக் கொண்டுபோனால்தான் ஸ்டாண்ட் உள்ளேயே போகும். ஜாக்கி அவ்வளவு உயரம் தருமா என்று வாங்கும் முன்பே அளந்துகொள்ள வேண்டும்.

ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக், செங்கல் அடுக்குவது நம் ஊரில் சர்வ சாதாரணம். சுவராக நிற்கும்போது எடை முழுப் பரப்பிலும் பரவுகிறது. காரின் விளிம்பு ஒரே கோட்டில் அழுத்தும்போது ஹாலோ பிளாக் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். மரக்கட்டையை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கினால் கதை வேறு. அளவு மீறினால் மரம் முதலில் நசுங்கும், முனகும், அந்தச் சத்தம் கேட்டு ஆள் வெளியே வரலாம். ஸ்டாண்ட் போட்ட பிறகும் கழற்றிய சக்கரத்தை விளிம்புக்கு அடியில் படுக்கப் போடுவது காசில்லாத காப்பீடு. பிறகு வண்டியை இடுப்பால் ஒரு முட்டு முட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி.

காசு பிரச்சினை இல்லை என்றால் குவிக்ஜாக் மாதிரி தரையோடு படுக்கும் ஹைட்ராலிக் சட்டங்கள் உண்டு. படுத்திருக்கையில் 3 அங்குல உயரம்தான், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தூக்கும், மேலே போனதும் இரும்புக் கம்பி பூட்டிக்கொள்ளும். தாழ்ந்த வண்டிக்கென்றே செய்தது போல இருக்கும். இறக்குமதி செய்தால் விலை லட்சத்தைத் தாண்டும் என்பதால் நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்கினால்தான் கட்டுப்படியாகும். சைலன்சர் புகையில் ஊதும் பை ஜாக்கி மணலில் சிக்கிய ஜீப்புக்கு, அதைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை.

வீட்டில் ஆயில் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு மரப்படி ரேம்ப் போதும், ஜாக்கியே வாங்க வேண்டாம். பிரேக், சஸ்பென்ஷன் என்று போகிறவர் முதலில் ஒரு ஜோடி நல்ல ஸ்டாண்ட் வாங்கட்டும், மீதிப் பணத்தில் லோ புரொஃபைல் டிராலி. வரிசையை மாற்றி, பெரிய ஜாக்கி வாங்கிவிட்டு ஸ்டாண்டை ‘அடுத்த மாசம்’ என்று தள்ளிப் போடுவது ஆபத்து.

இறக்கும்போது வால்வை மெதுவாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகினால் போதும். அதற்கு முன் அந்த 4 செ.மீ. பலகைகளை டயருக்குக் கீழே திரும்ப வைத்துவிடுங்கள். வைக்காமல் இறக்கினால் பம்பர் ஜாக்கியின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். கைப்பிடியை அடிக்கவும் இடம் இருக்காது, ஜாக்கியை உருவவும் முடியாது. அப்புறம் டிக்கியைத் திறந்து அந்த சிசர் ஜாக்கியைத்தான் தேட வேண்டியிருக்கும்.