சூடானால் நின்றுவிடும் பழைய கார்: உதிரிபாகம் மாற்றச் சம்மதிக்கும் முன் படியுங்கள்

சென்னைப் புறநகரில் எல்லா நிறுவனக் கார்களையும் பழுதுபார்ப்பதாகப் பலகை வைத்திருக்கும் ஓர் ஒர்க்‌ஷாப், என்னுடைய 2006ஆம் ஆண்டு பெட்ரோல் காரில் இருந்த ஒரே பழுதுக்காக முதலில் ஃபியூயல் பம்ப்பை மாற்றியது, அடுத்து ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மாற்றியது, அதற்கும் சரியாகாதபோது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம்மே போய்விட்டதென்று மேலும் 22,000 ரூபாய் கேட்டது. இந்த மூன்றிலும் பழுதே இல்லை.

காலையில் வண்டி முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆகும். அரை மணி நேரம் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, பரனூர் சுங்கச்சாவடி வரிசை போல ஊர்ந்து செல்ல வேண்டிய இடங்களில், எந்தத் திணறலும் காட்டாமல், சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் நின்றுவிடும். செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. பானெட்டைத் திறந்துவைத்துச் சூடு தணியக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். ஓடும்போது இப்படி நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கும் ஓரிரு மிதிகளுக்குப் பிறகு கல்லாகிவிடும் என்பதால் இதைச் சில்லறைப் பழுதாக எண்ண முடியாது. இவ்வளவையும் விவரமாகச் சொல்லித்தான் வண்டியை ஒப்படைத்தேன். ஜாப் கார்டில் எழுதப்பட்டதோ 'ஸ்டார்ட்டிங் பிரச்சினை' என்ற இரண்டே சொற்கள்.

அவர்கள் ஒருமுறைகூட வண்டியைச் சூடேற்றி, அது நிற்கும்வரை காத்திருந்து பார்க்கவில்லை. ஷெட்டுக்குள் குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் முன்னால் நின்றுகொண்டு, பிரஷர் கேஜ் எதையும் பொருத்தாமலேயே, "பம்ப் வீக் ஆயிடுச்சு சார்" என்று முடிவு சொன்னார்கள். பம்ப் மாறியும் வண்டி பழையபடியே நின்றது. காயில் மாறியும் நின்றது. பிறகு ஸ்கேனரைச் செருகி, திரையில் 'இணைப்பு இல்லை' என்று வந்ததைக் காட்டி, ஈசிஎம் செத்துவிட்டதற்கு அதுவே சான்று என்றார் மேற்பார்வையாளர். இந்தியாவில் பயணிகள் கார்களுக்கு ஓபிடி (வண்டியே தன் பழுதைக் கண்டறிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் அமைப்பு) கட்டாயமாகத் தொடங்கியதே 2010 ஏப்ரலில்தான். அதன் அடுத்த கட்டமான ஓபிடி 2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய பல கார்களுடன் சாதாரண ஸ்கேனர் பேசாது. செத்துப்போன ஈசிஎம்மைக் கொண்டு வண்டி எப்படி ஷெட்டுக்குள் ஓடி வந்தது என்று கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உண்மையைக் கண்டுபிடித்தவர், தெருமுனையில் தனியாளாகக் கடை நடத்தும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, அது தானாக நிற்கும்வரை வேறு வண்டியின் ஹாரனைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். நின்றதும் என்னைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, ஆர்பிஎம் முள்ளை மட்டும் பார்த்தார். இந்த வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது முள் இருநூறை ஒட்டிச் சற்றே எழும்பும். அப்போதோ பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் டெஸ்டரில் பார்த்தார், கரண்ட் வரவில்லை. உடனே ஃபிளைவீல் பக்கம் இருக்கும், இன்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். சில நூறு ஓம் காட்டவேண்டிய இடத்தில் மீட்டர் திறந்த சுற்று, அதாவது உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கிறது, என்றது. சென்சார்மேல் மட்டும் ஈரத்துணியைச் சுற்றிச் சற்றுப் பொறுத்தார். ஓம் கணக்கு திரும்பியது, வண்டியும் ஸ்டார்ட் ஆனது.

இவ்வகைச் சென்சாருக்குள் இருப்பது ஒரு காந்தமும், அதைச் சுற்றிய மயிரிழைபோன்ற செம்புக் கம்பிச் சுருளும்தான். வயதான சுருளில் விழுந்த வெடிப்பு, சூட்டில் விரியும்போது விலகுகிறது, குளிரும்போது மறுபடி ஒட்டிக்கொள்கிறது. (சுருளுக்குப் பதில் மின்னணுச் சில்லு உள்ள ஹால் வகைச் சென்சாரை ஓம் வைத்துப் பார்க்க இயலாது; அதற்கு ஓடும் நிலையில் சிக்னலைப் பார்க்கவேண்டும்.) கிராங்க் சிக்னல் இல்லையென்றால் இன்ஜின் சுற்றுவதே ஈசிஎம்முக்குத் தெரியாது, எனவே ஸ்பார்க்கையும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் பெட்ரோல் பம்ப்பின் ரிலேயையும் அது சேர்த்தே நிறுத்திவிடும். நின்ற வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் பார்ப்பவர் பம்ப்பைக் குற்றம் சொல்வதற்கும், ஸ்பார்க்கை மட்டும் பார்ப்பவர் காயிலைக் குற்றம் சொல்வதற்கும் இதுவே காரணம். என் வண்டியில் அந்த அளவுக்குக்கூட எதையும் பார்க்காமலேயே இரண்டையும் மாற்றினார்கள் என்பதுதான் என் புகார். வெயிலில் பெட்ரோல் ஆவியாகிறது என்று அங்கிருந்த இன்னொருவர் சொன்ன விளக்கமும் பொருந்தாது. பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளில் பம்ப்மேல் ஈரத்துணி போட்டது அதற்காகத்தான், ஆனால் டாங்கிலேயே பம்ப் அமர்ந்து மூன்று பார் அளவில் அழுத்தம் தரும் எம்பிஎஃப்ஐ (கார்ப்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியில் அது அரிது.

புதிய சென்சாரும் கூலியும் சேர்த்து 1,600 ரூபாய் ஆனது. சித்திரை வெயிலிலும் வண்டி அதன்பின் நிற்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய பம்ப்பையும் காயிலையும் கேட்டபோது, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பில் கேட்டதற்கு, தொகையை மட்டும் எழுதிய துண்டுச்சீட்டைக் கொடுத்தார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். புகார் அளிக்க இரண்டு ஆண்டுகள் அவகாசமும் உண்டு. முறையான பில்லும், இரண்டு பாகங்களும் பழுதானவை என்று முடிவு செய்த சோதனையின் விவரமும் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் ஜாப் கார்டு, துண்டுச்சீட்டு, எலக்ட்ரீஷியன் எழுதித் தந்த மீட்டர் அளவு, கழற்றிய சென்சார் ஆகியவற்றுடன் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.